இரண்டு கோடு காட்டிய பைக் ஏன் கோமாரியில் நின்றது?

களுவாஞ்சிகுடித் தம்பி ஒருவரின் கேள்வி இது. பழைய 150 சீசீ பைக் ஒன்று வாங்கி மூன்று மாதம். புத்தகத்தில் டாங்கி 15 லீற்றர் என்று இருக்கிறது. லீற்றருக்கு 45 ஓடும் என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். தம்பி இரண்டையும் பெருக்கி, ஒரு டாங்கிக்கு 675 கிலோமீற்றர் என்று மனதில் எழுதிவைத்துக்கொண்டார். உகந்தைத் திருவிழாவுக்கு மச்சானைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டபோது, கடைசியாக நிரப்பிய பிறகு ஓடிய தூரம் ட்ரிப் மீற்றரில் 340. போய்வர ஏறத்தாழ 220 தானே, தாராளமாகப் போதும் என்று போனார். திரும்பும்போது பொத்துவில் பெற்றோல் செட்டில் சனம். பெற்றோல் மீற்றரில் இரண்டு கோடு இருந்ததால் நிற்காமல் வந்துவிட்டார். கோமாரிப் பக்கம் வண்டி இழுத்து இழுத்து நின்றது. ட்ரிப் மீற்றர் 498. மீற்றரில் அப்போதும் அதே இரண்டு கோடு. உருட்டிக்கொண்டு போய் ஒரு கடையில் இரண்டு போத்தல் வாங்கி ஊற்றினார். ஊற்றிய பிறகும் அதே இரண்டு கோடு. அக்கரைப்பற்றில் ஆயிரம் ரூபாய்க்கு அடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

மீற்றர் பழுதா? விற்றவர் பொய் சொன்னாரா? ஒரு டாங்கி உண்மையில் எவ்வளவு தூரம் போகும்? மனைவியின் ஸ்கூட்டருக்கும் இதே கணக்கா?

தம்பி, முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லலாம். ஓம், உங்கள் மீற்றர் பழுது. ஆனால் அது பழுதில்லாமல் இருந்திருந்தாலும் நீங்கள் அன்று பொத்துவிலில் நிரப்பாமல் வந்திருக்கக் கூடாது. 24 வருஷம் கல்லடியிலும் பிறகு கல்முனையிலும் பைக் பழுது பார்த்தவன் நான். என் கராஜுக்கு உருட்டிக்கொண்டு வந்தவர்களில் பாதிப் பேருக்கு வண்டியில் ஒரு குறையும் இருக்காது, டாங்கிதான் வெறுமையாக இருக்கும். அவர்களில் அநேகமானோர் "மீற்றரில் இருக்குதே அண்ணே" என்றுதான் வந்து நிற்பார்கள்.

மீற்றர் லீற்றரை அளப்பதில்லை. டாங்கிக்குள் ஒரேயொரு இடத்தில் பெற்றோல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைத்தான் அது பார்க்கிறது. உள்ளே ஒரு மிதவை, அதைப் பிடித்திருக்கும் மெல்லிய கம்பிக் கை, கையின் அடியில் ஒரு மின்தடைப் பட்டை. மிதவை ஏறி இறங்க, கையின் நுனி பட்டையில் உரசிக்கொண்டு நகரும். அதற்கேற்ப மின்சாரம் கூடிக் குறையும், அதைத்தான் முள்ளாகவோ கோடாகவோ நீங்கள் பார்க்கிறீர்கள். இவ்வளவுதான் அதன் அறிவு.

இதில் என்ன சிக்கல் என்பதை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவருக்கு விளக்கத் தேவையில்லை. உன்னிச்சைக் குளத்தில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று கேட்டால் ஒரு எண் சொல்வார்கள். ஆனால் மேல் ஒரு அடித் தண்ணீர் பாயும் வயலும், அடி ஒரு அடித் தண்ணீர் பாயும் வயலும் ஒன்றா? மேலே குளம் விரிந்து கிடக்கிறது, அடியில் சுருங்கிவிடுகிறது. பைக் டாங்கியும் அப்படித்தான். மேலே அகலம். கீழே நடுவில் வண்டியின் இரும்புச் சட்டம் போவதற்கு இடம் விட்டிருப்பார்கள். அதனால் அடிப்பகுதி மாட்டு முதுகில் போட்ட பொதி மாதிரி இரண்டு பக்கமும் இரண்டு ஒடுங்கிய பைகளாகத் தொங்கும். ஆகவே முதல் பாதி மெல்ல இறங்கும், கடைசிப் பாதி கண்ணுக்கு முன்னே ஓடும். இது பழுதல்ல, டாங்கியின் வடிவம்.

இதோடு இன்னொன்று. நிரம்பி வழியும்வரை அடித்தால் மிதவை ஏற்கெனவே அதன் உச்சியில் முட்டி நிற்கும், அதற்கு மேலும் பெற்றோல் இருக்கும். அந்த மேல்பகுதி தீரும்வரை முள் அசையாது. என்னிடம் இப்போது இருப்பது 10.5 லீற்றர் டாங்கி உள்ள 100 சீசீ. நிரப்பினால் 110 கிலோமீற்றர் வரை முள் நிறைவைக் காட்டும் எஃப்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். "அட, பெற்றோலே குடிக்குதில்லையே" என்று தோன்றும். பாதிக்கு வர 290. பாதியிலிருந்து சிவப்பைத் தொட வெறும் 150. ஆனால் சிவப்பைத் தொட்டபோது உள்ளே இன்னும் 2.5 லீற்றர் கிடக்கிறது. செய்தவர்கள் வேண்டுமென்றே விட்ட இடைவெளி அது. ஒவ்வொரு மொடலுக்கும் இந்த இடைவெளி வேறு. அதனால் இன்னொருவர் "சிவப்புக்குப் பிறகு 80 ஓடும் மச்சான்" என்று சொன்னால் அது அவருடைய பைக்குக்கு மட்டும் உண்மை.

உங்கள் பைக்கில் நடந்தது இதைவிட வேறு. வெறும் டாங்கியில் இரண்டு கோடு, ஒன்றரை லீற்றர் ஊற்றிய பிறகும் இரண்டு கோடு. கேள்வியில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய இந்த ஒரு வரிதான் எனக்குப் பெரிய தடயம். மிதவையின் கை அந்த உயரத்துக்குக் கீழே போகாமல் எங்கோ சிக்குகிறது, அல்லது பட்டையில் அந்த இடம் தேய்ந்தோ அழுக்குப் பிடித்தோ இருக்கிறது. நம் ஆட்களில் பெரும்பாலோர் டாங்கியை நிரப்புவதில்லை, காலுக்கும் அரைக்கும் இடையிலேயே வருஷக்கணக்காக ஓட்டுவார்கள். பட்டையும் அந்த இடத்தில்தான் அதிகம் உரசித் தேயும். முந்திய சொந்தக்காரரும் அப்படி ஓட்டியவராக இருக்கக்கூடும்.

இதைச் சரிபார்ப்பது பெரிய வேலை இல்லை. டாங்கியை வடித்துவிட்டு, அடியில் இருக்கும் மிதவைத் தொகுதியைக் கழற்றி எடுக்க வேண்டும். கையை மேலிருந்து கீழே மெதுவாக நகர்த்திக்கொண்டு மல்டிமீற்றரில் தடையைப் பார்க்க வேண்டும். ஜப்பான் முறையைப் பின்பற்றும் பைக்குகள் பலவற்றில் நிறைந்த பக்கம் 10 ஓமுக்குள்ளும் வெறும் பக்கம் 100 ஓமுக்கு அண்மையிலும் இருக்கும். எண் முக்கியமில்லை, அது சீராக ஏறுகிறதா என்பதுதான் முக்கியம். நடுவில் குதித்தாலோ ஓரிடத்தில் அசையாமல் நின்றாலோ அங்கேதான் குறை. மெல்லிய துணியால் பட்டையைத் துடைத்து, கையின் மூட்டைச் சுத்தம் செய்தாலே பல தடவை சரியாகிவிடும். மண்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்பவரிடம் கொடுக்காதீர்கள், பட்டை அதோடு போய்விடும். மிதவையைக் காதோரம் வைத்து ஆட்டியும் பாருங்கள். உள்ளே சளசளவென்று சத்தம் கேட்டால் ஓட்டை விழுந்து பெற்றோல் குடித்திருக்கிறது, மாற்றத்தான் வேண்டும். அப்படிக் குடித்த மிதவை எப்போதும் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். அது உங்கள் பைக்கின் நோய் அல்ல, ஆனாலும் கழற்றிய கையோடு பார்த்துவிடலாம்.

முள் உள்ள பழைய பைக் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சின்னச் சோதனை. மிதவைக்குப் போகும் வயர்த் தொடுப்பைக் கழற்றிவிட்டுச் சாவியைப் போடுங்கள். முள் வெறுமையைக் காட்டும் 'ஈ' எழுத்தில் படுக்கும். இப்போது மீற்றர்ப் பக்கத்து இரண்டு வயர்களையும் ஒரு கணம் தொடுத்துப் பார்த்தால் எஃப்புக்கு ஏறும். இரண்டும் நடந்தால் மீற்றர் நல்லது, குறை டாங்கிக்குள். சில மொடல்களில் ஏற்ற இறக்கம் தலைகீழாக வரும், பரவாயில்லை, இரண்டு எல்லைக்கும் போகிறதா என்பதே விடயம். கோடு காட்டும் டிஜிட்டல் மீற்றரில் இதைச் செய்ய வேண்டாம். அதேபோல், கல்லடி, பாசிக்குடா, அறுகம்பே என்று கடலோரத்தில் வண்டி நிற்பவர்கள் மிதவையைச் சந்தேகிக்கும் முன் அந்தத் தொடுப்பைக் கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். உப்புக்காற்று வயருக்குச் செய்கிற வேலையை நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். ஒரு தடவை ஒருவர் புது மீற்றரே வாங்கிக்கொண்டு வந்து நின்றார். பழையதில் ஒரு குறையும் இல்லை, எர்த் வயர்தான் உக்கிப்போயிருந்தது.

சரி, மீற்றரை ஒரு பக்கம் வைப்போம். 675 எங்கே, 498 எங்கே?

விற்றவர் பெரிய பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. மூன்று சின்னக் குறைகள் சேர்ந்து வந்த விளைவு இது. முதலாவது, உங்கள் நிறைந்த டாங்கி 15 லீற்றராக இருந்திருக்காது. செட்டில் பைக்கில் குந்தியபடியோ சைட் ஸ்டாண்டில் சாய்த்தோதானே அடிக்கிறோம். வண்டி இடப்பக்கம் சரிந்து நிற்கையில் வாய்வரை வந்த பெற்றோல், நிமிர்த்தினால் கீழே இறங்கிவிடும். பெரிய டாங்கியில் அது ஒரு லீற்றர்வரை வரும். இரண்டாவது, கடைசித் துளிவரை எஞ்சினுக்குப் போகாது. எஞ்சினுக்குப் போகும் பெற்றோலைத் திறந்து மூடும் டெப் பெரும்பாலும் இடப்பக்கப் பையில் இருக்கும். வலப்பக்கப் பையில் கிடப்பது நடுமேட்டைத் தாண்டி வராது. இரண்டு பையையும் அடியில் குழாயால் இணைத்த வண்டிகளும் இருக்கின்றன, எல்லாவற்றிலும் இல்லை. ஆக உங்கள் கையில் இருந்தது 13.5 லீற்றர் என்று வைப்போம். மூன்றாவது, 45 என்பது தனி ஆள், 45, 50 வேகத்தில், ஒரே சீராகப் போனால் வரும் எண். ஊருக்குள் ஓடிய முதல் 340 கிலோமீற்றருக்கு நீங்கள் 40 எடுத்திருந்தால் 8.5 லீற்றர் போயிற்று. மிச்சம் 5. மச்சானும் மூட்டையுமாக, அக்கரைப்பற்று தாண்டியதும் நீண்டு கிடக்கும் வீதியில் முறுக்கிக்கொண்டு, பாணமைக்கு அப்பால் கிரவலில் முதலாம் இரண்டாம் கியரில் உருட்டிப்போன 158 கிலோமீற்றருக்கு 32 தான் வரும். 32க்கு 158 என்றால் 4.9 லீற்றர். கூட்டிப் பாருங்கள், கோமாரியில் வந்து நிற்கிறது.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காற்று வண்டியைத் தடுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 50இல் போனவர் 75இல் போனால் வேகம் ஒன்றரை மடங்குதான், காற்றின் தடை 2.25 மடங்கு. எதிர்க்காற்றும் வேகம் கூடியதற்குச் சமம். ஆடி மாதப் பகலில் கச்சான் வீசும்போது செங்கலடியிலிருந்து கரடியனாறு, பெரியபுல்லுமலை வழியாக மகாஓயா போய்ப் பாருங்கள், காற்று முகத்தில் அறையும். அதே வீதியில் பின்னேரம் திரும்பி வரும்போது வண்டி தானாக ஓடுவது போல இருக்கும். போகும்போது எடுத்த மைலேஜும் வரும்போது எடுத்த மைலேஜும் ஒரே வண்டியுடையதா என்று சந்தேகம் வரும். டயர்க் காற்றுக் குறைவு, வயல் தூசி அடைத்த எயார் ஃபில்டர், காய்ந்த செயின் எல்லாம் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் கொஞ்சம் எடுக்கும்.

நான்காவதாக ஒன்று இருக்கிறது. அது குறையல்ல, கவனக்குறைவு. வண்டி நின்றதும் டெப்பை ரிசேவுக்குத் திருப்பினீர்களா? உங்கள் கேள்வியில் அந்தச் சொல்லே இல்லை. என் ஊகம், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து டெப் ரிசேவில்தான் கிடக்கிறது. டெப்பின் உள்ளே இரண்டு வழி. ஓனில் வைத்தால் உயரமாக நிற்கும் குழாயின் வாயால் பெற்றோல் இறங்கும், மட்டம் அதற்குக் கீழே போனதும் வண்டி தடுமாறும். ரிசேவுக்குத் திருப்பினால் அடியில் உள்ள துளை திறக்கும், மிச்சத்தில் ஓடலாம். மின்சாரமும் இல்லை, மிதவையும் இல்லை, பழுதாக ஒன்றுமே இல்லை. மனிதன் பைக்குக்குச் செய்த மிக நேர்மையான பெற்றோல் மீற்றர் என்று நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் ரிசேவிலேயே விட்டுவிட்டால் முன்னறிவிப்பு இல்லாமல் ஒரேயடியாகத்தான் நிற்கும். நிரப்பியதும் ஓனுக்குத் திருப்புவதைக் கை தானாகச் செய்யப் பழக வேண்டும்.

அப்படி நின்றுவிட்டால், உருட்டத் தொடங்குவதற்கு முன் வண்டியை இடப்பக்கமாக நன்றாகச் சரித்து, ஆள் தாங்கிப் பிடித்து, சில நொடி வைத்து நிமிர்த்துங்கள். மூடி இறுகி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வலப்பக்கப் பையில் கிடந்தது மேட்டைத் தாண்டி டெப் இருக்கும் பக்கம் வந்துவிடும். சில கிலோமீற்றர் கிடைக்கும். பாணமைக்கும் உகந்தைக்கும் நடுவில், அல்லது லாகுகலைப் பக்கம், பொழுது படும் நேரத்தில் யானை வரும் வீதியில் வண்டி நின்றால் அந்தச் சில கிலோமீற்றரின் விலை என்னவென்று அங்கே நின்றவர்களுக்குத் தெரியும்.

இப்போது உங்கள் பைக்கின் உண்மையான எண்ணை எடுக்கும் வழி. நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்புவது ஒன்றே முறை, மற்றதெல்லாம் மதிப்பீடு. வண்டியை டபுள் ஸ்டாண்டில் நிமிர்த்தி, மூடிக்குள் தெரியும் வளையத்தின் அடிவிளிம்பு வரை அடியுங்கள். ட்ரிப் மீற்றரைப் பூச்சியமாக்குங்கள். வழமை போல 200 கிலோமீற்றர் ஓடுங்கள். அதே செட், அதே பம்ப், அதே டபுள் ஸ்டாண்ட், அதே விளிம்பு. எத்தனை லீற்றர் போனது என்று பம்பில் பார்த்து எழுதுங்கள். 212 கிலோமீற்றருக்கு 4.3 லீற்றர் போனால் 49.3. ஒரு தடவையோடு நிறுத்த வேண்டாம், விளிம்பு அரை விரல் கூடிக் குறைந்தாலும் கணக்குப் பிசகும். மூன்று தடவை எடுங்கள். 49.3, 45.6, 50.2 என்று வந்தால் கூட்டிச் சராசரி பார்ப்பவர்கள் உண்டு. நான் ஆகக் குறைந்ததைத்தான் எடுப்பேன். சராசரியை நம்பிப் போனால் இரண்டு பயணத்தில் ஒன்று சராசரிக்குக் கீழேதான் இருக்கும்.

இந்தக் கணக்கைக் கெடுப்பது ரூபாய்க்கு அடிக்கும் பழக்கம். "ஆயிரத்துக்கு அடி" என்றால் விலை மாறும்போதெல்லாம் லீற்றரும் மாறும், நீங்கள் கவனிக்க மாட்டீர்கள். நீங்கள் அக்கரைப்பற்றில் ஆயிரத்துக்கு அடிக்காமல் விளிம்புவரை நிரப்பி லீற்றரைப் பார்த்திருந்தால், உங்கள் டாங்கி உண்மையில் எவ்வளவு கொள்கிறது என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டின்போது கியூஆர் அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று வந்த காலத்தில், எங்கள் ஊரில் எல்லோரும் திடீரென்று கணக்கு வாத்தியார் ஆனார்கள். லீற்றருக்கு எத்தனை என்று கேட்டால் தசமப் புள்ளியோடு சொன்னார்கள். வரிசை ஒழிந்த மறுமாதமே எல்லோரும் பழையபடி ரூபாய்க்கு மாறிவிட்டோம், நான் உட்பட.

அடுத்தது ரிசேவ் எவ்வளவு என்று அறிவது. இதற்காக டாங்கியை வற்றவிட வேண்டியதில்லை. டெப்பை ஓனில் வைத்து ஓடுங்கள். வண்டி தடுமாறியதும் ரிசேவுக்குத் திருப்பி, அண்மையில் உள்ள செட்டுக்கு நேரே போய் விளிம்புவரை நிரப்புங்கள். 15 லீற்றர் டாங்கிக்கு 12.8 போனால் உங்கள் ரிசேவ் 2.2, அதில் வலப்பக்கப் பையில் தங்கக்கூடிய அரை லீற்றரைக் கழித்துவிடுங்கள். மீற்றரைச் சரிசெய்த பிறகு கோடுகளுக்கும் இதையே செய்யலாம். கடைசிக் கோடு மினுங்கத் தொடங்கியதும் நிரப்பிப் பாருங்கள். ஒரு கொப்பியில் நாலைந்து வரி சேர்ந்ததும் உங்கள் மீற்றர் எந்த இடத்தில் எவ்வளவு பொய் சொல்கிறது என்பது தெரிந்துவிடும். தினம் ஒரே பொய்யைச் சொல்லும் மீற்றரோடு தாராளமாகக் குடும்பம் நடத்தலாம்.

பழைய ஆட்களிடம் இன்னொரு கருவி இருந்தது, ஈர்க்கில். தென்னோலை ஈர்க்கை டாங்கிக்குள் விட்டு நனைந்த இடத்தைப் பார்ப்பார்கள். லீற்றர் லீற்றராக ஊற்றி, ஒவ்வொன்றுக்கும் நகத்தால் கோடு கீறிவைத்தால் எந்த டிஜிட்டல் மீற்றரையும் தோற்கடிக்கும். காய்ந்த ஈர்க்கை விடாதீர்கள், முறிந்து உள்ளே விழுந்தால் டெப்பை அடைக்கும். இருட்டில் உள்ளே பார்க்க நெருப்புப்பெட்டி எடுத்த ஒருவரை எனக்குத் தெரியும். புருவம் மறுபடி முளைத்தது, அதுவே அவருடைய அதிர்ஷ்டம்.

கோடு காட்டும் மீற்றர்களின் ஒரு குணத்தையும் சொல்லிவிடுகிறேன். வண்டி குலுங்கும்போது பெற்றோல் அலைமோதும். கோடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்காமலிருக்க, மீற்றர் மெதுவாகத்தான் மாறும்படி செய்திருப்பார்கள். ஆனால் சாவி போட்ட உடனே மட்டும் ஒரு தடவை சட்டென்று அளந்துகொள்ளும். அப்போது வண்டி சைட் ஸ்டாண்டில் சாய்ந்து நின்றால் அந்தச் சாய்ந்த மட்டத்தைத்தான் உண்மை என்று எடுத்துக்கொள்ளும், பிறகு சில நிமிடம் அதையே பிடித்துக்கொண்டிருக்கும். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து சாவியைப் போட்டதும் ஒரு கோடு கூடியிருக்கிறது என்று மகிழ்ந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். பைக்கை நிமிர்த்திவிட்டுச் சாவியைப் போடுங்கள். இன்னும் இத்தனை கிலோமீற்றர் ஓடும் என்று எண் காட்டும் புது மீற்றர்களும் இதே மிதவையை நம்பித்தான் கணக்குப் போடுகின்றன. அண்மையில் ஓடிய மைலேஜால் பெருக்குவதால், டவுனுக்குள் நின்று நின்று போனால் எண் சரியும், வெளிவீதிக்கு வந்ததும் ஏறும்.

டாங்கியைக் கழுத்துவரை நிரப்புவதை அளவெடுக்கும் நாளில் மட்டும் செய்யுங்கள், அளந்ததும் கொஞ்சத் தூரம் ஓடிவிடுங்கள். பெற்றோல் ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். நிலத்தடித் தொட்டியிலிருந்து குளிர்ச்சியாக வந்த 15 லீற்றர், வெயிலில் நிற்கும் வண்டியில் 20 பாகை சூடேறினால் 0.3 லீற்றர் கூடும். அது மூடியின் வழியாக வழிந்து எஞ்சின் மேல்தான் விழும். அதற்காக எப்போதும் கால் டாங்கி அளவில் ஓட்டுவதும் நல்லதல்ல. மாரியில் டாங்கியின் வெறும் இடத்தில் ஈரம் படியும், துரு பிடிக்கும். மூடியைச் சுற்றியுள்ள சின்ன வடிகால் துளை மண்ணால் அடைத்திருந்தால் மழைத் தண்ணீர் நேரே உள்ளே இறங்கும். தண்ணீர் பெற்றோலைவிடப் பாரம், அடியில்தான் தங்கும். ரிசேவுக்குத் திருப்பியதும் எஞ்சினுக்கு முதலில் போவது அதுதான். "ரிசேவில் வைத்தால் ஓடுதில்லை அண்ணே" என்று வருகிறவர்களின் வண்டியில் முதலில் டாங்கியின் அடியை வடித்துப் பார்ப்பேன். ஃபியூவல் இன்ஜெக்ஷன் வண்டிகளில் டெப் கிடையாது, பம்ப் டாங்கிக்குள்ளேயே இருக்கும், அதைக் குளிர்விப்பதும் அந்தப் பெற்றோல்தான். அவற்றைக் கடைசிக் கோட்டில் ஓட்டிப் பழகுவது பம்புக்குச் செலவு வைக்கும்.

உகந்தைக்கு மறுபடி போவதென்றால், வீட்டிலிருந்து எத்தனை ஓடியிருந்தாலும் போகும்போதே பொத்துவிலில் நிரப்பிவிடுங்கள். அங்கிருந்து உகந்தை போய்த் திரும்ப 60 கிலோமீற்றருக்குக் கிட்ட, பிறகு அக்கரைப்பற்று வரை இன்னும் 45 அளவில். 32ஐ வைத்தே பார்த்தாலும் நாலு லீற்றருக்குள் முடிந்துவிடும்.

கடையில் வாங்கிய இரண்டு போத்தலையும் நீங்கள் இரண்டு லீற்றர் என்று எண்ணியிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நம் நாட்டில் ஒரு போத்தல் என்றால் 750 மில்லிலீற்றர். படுவான்கரைப் பக்கமும் கடைகளில் இந்தப் போத்தல்தான். 32க்கு ஓடும் வண்டிக்கு ஒரு போத்தல் 24 கிலோமீற்றர். நிறத்தைப் பார்த்து, முகர்ந்து பார்த்து ஊற்றுங்கள், எத்தனை நாள் வெயிலில் நின்றதோ தெரியாது. கையில் கொண்டுபோக வேண்டுமென்றால் இரும்புக் கேனில் கொண்டுபோங்கள், தண்ணீர்ப் போத்தலில் வேண்டாம்.

ஸ்கூட்டருக்குக் கணக்கு அதேதான், குணம் வேறு. பிரபலமான டியோவின் டாங்கி 5.3 லீற்றர். 40 வைத்தாலும் முழு டாங்கி 212 கிலோமீற்றர்தான். ஸ்கூட்டர் டாங்கிகள் பொதுவாகத் தட்டையானவை. ஒரு லீற்றருக்கு மட்டம் கொஞ்சம்தான் இறங்கும், மிதவைக்கு அசைய இடமில்லை. அதனால் முள் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தாலே கால் டாங்கி ஏறி இறங்கும். ரிசேவ் டெப்பும் இல்லை. மனைவி வாரத்தில் ஐந்து நாள் வேலைக்குப் போய்வருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாளைக்கு 30 கிலோமீற்றர் என்றால் வாரம் 150. அவரிடம் முள்ளைப் பார்க்கச் சொல்ல வேண்டாம், ஞாயிறு பின்னேரம் நீங்களே கொண்டுபோய் நிரப்பிவிடுங்கள். போகும்போது உங்கள் பைக்கின் டெப் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று ஒருதரம் குனிந்து பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். என் ஊகம் சரியா என்று அறிய ஆவல்.